காற்று சரியில்லாத நாட்கள்

காம்ஷெட்,
2 டிசம்பர் 2002

பாசமுள்ள அத்தான், அக்கா இருவருக்கும் சாலமன்ராஜ் எழுதுவது. கர்த்தருடைய தயவால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே மழை விட்டதா, அக்காவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

இந்த வாரம் முழுக்க மலை உச்சியில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். காற்று மலையின் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. பாராகிளைடருக்குக் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். அப்போதுதான் தரையில் விரித்த துணி எழும்பித் தலைக்கு மேல் இறக்கையாக நிற்கும். பின்னாலிருந்து அடித்தால் ஆளோடு சேர்த்துப் பள்ளத்தில் உருட்டிவிடும். பம்பாயிலிருந்து வந்தவர்கள் பைகளைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடக்கிறார்கள். ஒருவன் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி மேலே வீசிக் காற்றின் திசை பார்க்கிறான். பார்த்ததும் ஒரு கெட்ட வார்த்தை. மறுபடியும் புல்.

ரத்தினசாமி சார் என்று அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் வருவார். பூனாவில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடையது குழாய்ச் சட்டத்தில் துணி மாட்டுகிற ஹேங் கிளைடர், கார் கூரையில் குழாய்களைக் கட்டிக்கொண்டு வருவார். காலையில் பூட்டுவார், காற்றைப் பார்ப்பார், சாயங்காலம் கழற்றுவார். நேற்று என்னிடம், "எம். புதுப்பட்டிக்காரன் இங்கன எப்பிடிலே வந்தே?" என்று கேட்டார். பம்பாய்க்குப் பட்டாசு லோடு ஏற்றி வந்த லாரியில் கிளீனராக வந்ததையும், இந்த மலையடியில் லாரி படுத்துவிட்டதையும், டிரைவர் சாமான் வாங்கப் போன நேரத்தில் வானத்திலிருந்து இறங்கியவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கப் போய், பிறகு நானே ஆட்களைக் கட்டிக்கொண்டு பறக்கக் கற்றதையும் சொன்னேன். "லாரி போயிருச்சு சார், நான் போகலை. அந்த லோடை ஏத்தி அனுப்பினதே எங்க அத்தான்தான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அத்தான் கட்டாயம் பதில் போடவும். பறக்காத நாளில் படிக்க ஏதாவது வேண்டும்.

தங்கள் அன்பை மறவாத
சாலமன்

*

எம். புதுப்பட்டி,
11 டிசம்பர் 2002

மாப்ளே சாலமனுக்கு அத்தான் ஞானசீலன் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் சுகம். அவள் முதுகுவலி என்னைத் திட்டும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனியை இப்போதுதான் திறந்தார்கள். திறந்த நாளிலிருந்து தூறல். மேடையில் காயப்போட்ட வெடி காயவில்லை. ஈரத்தோடு உள்ளே எடுத்தால் மருந்து கெட்டுப்போகும், சில மருந்து சூடேறவும் செய்யும். அதனால் ஆட்களை உட்கார வைத்துவிட்டேன். நீ அங்கே மலையில் சும்மா, நான் இங்கே மருந்து செட் வாசலில் சும்மா. நம் இரண்டு பேருக்கும் முதலாளி வானத்தில்தான் இருக்கிறார் போல.

வேப்பமரத்தடியில் பெண்கள் தாயக்கட்டம் போட்டு ஆடுகிறார்கள். செல்லத்தாய் என்று மருந்து செலுத்துகிற பெண், பெரிய வாய்க்காரி. "ஒங்க மச்சினன் வானத்துல போறாராமே அண்ணாச்சி. நம்ம ஊரு மேல ஒரு தடவ வந்து இந்த மேகத்தத் தள்ளிவிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

மீதி இடம் உன் அக்காவுக்கு.

தம்பி, எங்கள் ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போதுகூட நீ எங்கே தொங்குகிறாயோ என்று நினைப்பு ஓடும். இனிமேல் எழுதும்போது இன்று பறந்தாயா இல்லையா என்பதை முதல் வரியிலேயே எழுது. அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்கிறேன்.

பெர்சிஸ்

*

காம்ஷெட்,
24 ஜனவரி 2003

அக்கா, இன்று பறக்கவில்லை. நிம்மதியாக மேலே படிக்கலாம். நான் சுகம். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய முறுக்கை ரத்தினசாமி சாரே பாதி தின்றுவிட்டார்.

அத்தான், மனசு கொஞ்சம் கசப்பாக இருக்கிறது. நேற்று காற்று முகத்தில்தான் அடித்தது, ஆனால் பலம் அதிகம். ஒரு ஆபீஸிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். லீவு போட்டு வந்தோம், நாளைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரே சத்தம். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒருத்தரையாவது உன்னோடு கட்டிக் கூட்டிப் போ, கூட்டம் அடங்கும் என்றார். நான் முடியாது என்று துணியைச் சுருட்டிவிட்டேன். வேறொரு பைலட் போனான். கீழே முள்மரத்தில் போய் விழுந்தார்கள். ஆளுக்குச் சிராய்ப்புதான். அவன் சிரித்துக்கொண்டே ஏறி வர, எல்லாரும் கை தட்டினார்கள். சுருட்டியவன் கோழை ஆகிவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

நீங்கள் ஆட்களை நிறுத்தி வைக்கும்போது மேலே உள்ளவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அன்புடன்
சாலமன்

*

எம். புதுப்பட்டி,
6 பிப்ரவரி 2003

மாப்ளே, உன் கடிதம் கண்டு சேதி அறிந்தேன். நாங்கள் நலம்.

நான் ஒரு பதிலும் சொல்வதில்லை. செட் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என்னைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும். மானேஜர் வந்து திட்டுவார். திட்டினால் காதோடு போகும், வெடித்தால் அப்படியா. முள்மரத்தில் விழுந்தவன் சிரித்தானே என்று நினைக்காதே. அவன் சிரித்தது மரம் இருந்ததால்.

ஆனால் எனக்கும் இந்த வருஷம் அவ்வளவு தெம்பாக இல்லை. தையிலேயே சித்திரை வெயில் அடிக்கிறது. வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் பிடித்திருக்கிறார்கள். மழையில் போன நாட்களை வெயிலில் எடுக்கப் பார்க்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு மருந்தில் கை வைக்கக் கூடாது என்றால் புது மானேஜருக்குப் புரியவில்லை. "போர்மேன், நீ வேலை வாங்க வந்தியா, வெயில் காய வந்தியா?" என்கிறார். ஸ்டூலில் உட்கார எத்தனை நாள் விடுவார்களோ.

மே மாதம் நானும் அக்காவும் அங்கே வருகிறோம். என்னையும் கட்டிக்கொண்டு ஒரு தடவை குதி. என் கனத்துக்கு இறக்கை தாங்காது என்று உன் அக்கா சொல்கிறாள். தாங்குமா என்று விசாரித்து எழுது.

அத்தான்
ஞானசீலன்

*

எம். புதுப்பட்டி,
29 மார்ச் 2003

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

நீ போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன. ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றிவிட்டதால் பதில் எழுத முடியவில்லை. அத்தானுக்குச் சீசன் வேலை, உட்கார்ந்து எழுத நேரம் இல்லை. மே மாதம் வருவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அங்கே இப்போது பறக்கிற காலம்தானே? மழை வந்தால் மொத்தமாக நிறுத்திவிடுவீர்கள் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். அது எந்த மாதம்? மழை தொடங்கிவிட்டால் பிறகு ஒரு நாள்கூடப் பறக்க மாட்டீர்களா? தெளிவாக எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
பெர்சிஸ்

*

காம்ஷெட்,
10 ஏப்ரல் 2003

அக்கா, நேற்று பறந்தேன். இன்று மதியம்வரை காற்று இல்லை, அதனால் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

நீ கேட்ட மழை ஜூன் மாதம் பிடிக்கும். பிடித்தால் அக்டோபர் வரை இறக்கைகள் பரணில்தான். இதை ஏன் கேட்கிறாய் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அத்தானுக்குச் சீசன் வேலை என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சில் என்ன சீசன்? அவர் எவ்வளவு வேலையிலும் ஒரு பக்கமாவது கிண்டல் எழுதுகிறவர் ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை நம் தெரு டெலிபோன் பூத்துக்குப் பேசினேன். மூக்கம்மாள் பெரியம்மாதான் எடுத்தார்கள். "எல்லாரும் நல்லா இருக்காகப்பா. லைன் சரியில்ல, கேக்கல, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டார்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது. பூத்துக்கு வெளியே சேவல் கூவியதுகூடக் கேட்டது.

நேற்று ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். அவர் காலில் பட்டியை மாட்டாமலே, ஓடுங்கள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பட்டி மாட்டாமல் மேலே போனால் ஆள் நழுவி விழுந்துவிடுவார். பக்கத்தில் நின்ற உதவியாள் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். மனசு அங்கே இல்லை, புதுப்பட்டியில் இருந்தது.

அத்தானை ஒரே ஒரு வரி எழுதச் சொல்.

சாலமன்

*

எம். புதுப்பட்டி,
21 ஏப்ரல் 2003

அன்புள்ள தம்பி, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. இங்கே எல்லாரும் சுகம், சுகம், சுகம். இனி இந்த ஊரைப் பற்றிய நினைப்பே உனக்கு வேண்டாம். இறக்கையைக் கட்டும்போது இறக்கையை மட்டும் நினை. ஜூன் மாதம்வரை எனக்காக இதைச் செய்.

அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். "தம்பி, நான் நன்றாக இருக்கிறேன். கையில் சுளுக்கு, அதனால்தான் எழுதவில்லை. நீ கவலைப்படாமல் தைரியமாகப் பறக்கவும்."

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அக்கா
பெர்சிஸ்

*

காம்ஷெட்,
9 ஜூன் 2003

அக்கா, இன்று பறக்கவில்லை. நாளையும் இல்லை. மழை பிடித்துவிட்டது. மலை உச்சியே தெரியவில்லை. இறக்கைகளைக் காயவைத்து மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. அத்தான் என்னை ஒரு நாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. கல்யாணத்தன்று மேடையில் வைத்தே மாப்ளே என்றவர். தைரியமாகப் பற என்று அவர் வாயில் வரவே வராது. தைரியம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கோபம் வரும். அது நீயாக எழுதியது.

லீவு கேட்டேன். மழை வரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதை மீறிக் கிளம்பியிருக்கலாம். கிளம்பாததற்கு என் பயம்தான் காரணம். வந்து நின்று எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயம்.

இங்கே ஏறக்கட்டுகிற வேலை முடிந்ததும், இருபத்தைந்தாம் தேதிவாக்கில் ரயில் ஏறுகிறேன். வாசலில் வந்து தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. அதற்கு முன்னால் எழுதிவிடு.

சாலமன்

*

எம். புதுப்பட்டி,
15 ஜூன் 2003

என் தம்பி சாலமனுக்கு,

உன் கடிதத்தில் முதல் வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த வரிக்காகத்தான் மார்ச்சிலிருந்து காத்திருந்தேன்.

அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் மனசில் வாங்கிக்கொள்.

மார்ச் பதினெட்டாம் தேதி செட் வெடித்தது. அன்று அனல்காற்று. வெயில் ஏறியதும் அத்தான் ஆட்களை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டிருக்கிறார். ஆபீஸில் போன் வந்திருக்கிறது என்று அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே போனால் போன் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் மானேஜர் மரத்தடிக்குப் போய், இப்போது உள்ளே போகாதவர்கள் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். போனார்கள். அத்தான் திரும்பி ஓடி வந்து கதவில் நின்று, "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தியிருக்கிறார். மற்றவர்கள் வந்துவிட்டார்கள். கடைசியில் நின்ற செல்லத்தாயைக் கையைப் பிடித்து இழுக்கும்போது வெடித்தது.

அன்று நான் டியூட்டியில் இருந்தேன். வேன் வந்து நின்றது, கதவைத் திறந்தேன். இரண்டு பேர். எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒருவர், "பெர்சி, மொதல்ல அவளப் பாரு" என்றார். குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னபடி அவளைத்தான் முதலில் பார்த்தேன். செல்லத்தாய் மூன்றாம் நாள் மதுரையில் இறந்துபோனாள்.

அத்தானுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. முகத்தில் ஒரு பக்கம். இடது கண் கலங்கலாகத்தான் தெரிகிறது. மதுரையில் ஆறு வாரம் இருந்தோம். மார்ச்சிலும் ஏப்ரலிலும் உனக்கு எழுதியது வார்டு வாசலில் உட்கார்ந்து. ஊர்ப் பெயரைப் போட்டு, வந்து போகிறவர்களிடம் கொடுத்து இங்கே தபாலில் சேர்க்கச் சொன்னேன். மூக்கம்மாள் பெரியம்மாவிடமும் நான்தான் சொல்லி வைத்தேன்.

போலீஸ் அத்தான் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. போர்மேன்தான் பொறுப்பாம். கம்பெனியிலிருந்து ஒருவர் கட்டிலுக்கே வந்தார். செல்லத்தாய் மருந்தை அளவுக்கு மீறி எடுத்தாள், தேய்த்தாள் என்று சொல்லிவிடுங்கள், வழக்கையும் வைத்தியத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு யாரும் வரவில்லை. வெளியே ஓடி வந்தவர்களும் வேலை போய்விடும் என்று போலீஸில் ஒன்றும் சொல்லவில்லை. ஊரிலும், போர்மேன் ஏன் வாசலை விட்டுப் போனார் என்றுதான் கேட்கிறார்கள். செல்லத்தாயின் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி எங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். அத்தான் இப்போது பேசுவதே குறைவு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னைச் செய்தியோடு மேலே அனுப்ப எனக்குப் பயம். காற்று சரியில்லை, சும்மா இருக்கிறேன் என்று நீ எழுதினால் சொல்லலாம் என்று நினைப்பேன். ஆனால் என் கடிதம் உன் கைக்கு வரும்போது காற்று சரியாகியிருக்கும். படித்துவிட்டு அப்படியே இறக்கையைக் கட்டுவாய். பட்டி மாட்ட மறந்தேன் என்று நீ எழுதிய பிறகு முடிவே பண்ணிவிட்டேன். மழை பிடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று. தினமும் பேப்பரில் பம்பாய்ப் பக்கம் மழை வந்ததா என்று பார்ப்பேன். இந்த ஊரில் வெயில் கொளுத்த, அந்த ஊருக்கு மழை கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

வா. எனக்கும் தெம்பில்லை.

பெர்சிஸ்

*

காம்ஷெட்,
21 ஜூன் 2003

அக்கா,

கடிதம் கிடைத்தது. நாளைக்கே கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்தாலும் சேர்வேன். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல முடியும், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏப்ரலில் உன் கடிதம் வந்த பிறகு நான் பறக்கவே இல்லை. தம்பி என்று படித்த அன்றே முதலாளியிடம் போய், என் மனசு சரியில்லை, பயணியை என்னோடு கட்டிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஜீப்புக்கு மாற்றினார். கீழே இறங்கியவர்களை ஏற்றி வந்து, அவர்கள் பையையும் மேலே சுமந்து கொடுத்தேன். காற்று நன்றாக இருந்த நாளிலும் நான் தரையில்தான் இருந்தேன். நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை. மழை வந்துதான் நான் நின்றேன் என்று நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

அந்த இரண்டு மாதத்தில் எந்த நாள் நீ சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன் அக்கா. வார்டு வாசலில் நீ ஒற்றையாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

சாலமன்

*

எம். புதுப்பட்டி,
16 அக்டோபர் 2003

அன்புள்ள தம்பி சாலமனுக்கு அக்கா எழுதுவது. நான் சுகம்.

உனக்கு இன்று பறக்கிற நாளாக இருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன். காம்ஷெட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதானே போனாய். நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று. இதைப் படித்துவிட்டுப் பறக்க முடியுமா என்பதை நீயே முடிவு பண்ணு. உனக்கு அது தெரியும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கெட்டதை முதலில் சொல்கிறேன். நீ இருந்த மூன்று மாதமும் எண்ணெய் போட்டு நீவிவிட்ட வலது கை, அதற்கு மேல் விரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு விரல் மடங்கியபடியே இருக்கும். இடது கண்ணையும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார். வழக்கில் குற்றப்பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள். அதில் அத்தான் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மானேஜர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் வெளியூரில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

நேற்று கோர்ட்டில் ஆஜராக வேண்டியிருந்தது. நானும் அத்தானும் காலை பஸ்ஸில் ஏறினோம். தீபாவளி நெருக்கம், பஸ்ஸில் கம்பெனி ஆட்கள்தான். என்னைப் பெண்கள் பக்கம் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. நிற்கிறவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள், அங்கே யாரும் உட்காரவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

ஊர்க்கோடி நிறுத்தத்தில் உக்கிரபாண்டி ஏறினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். நேராகப் போய் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார்.

"அவ மதுரையில வச்சு எங்கிட்ட சொன்னா அண்ணாச்சி. போர்மேன் எங்கள வெளிய ஒக்கார வச்சாரு, மானேஜர்தான் உள்ள போகச் சொன்னாருன்னு. சாகுறதுக்கு முந்துன நாளு சொன்னா. நான் யாருட்டயும் சொல்லல. ஒங்க மேல கோவமா இருந்தாத்தான் எனக்கு ஒறக்கம் வந்துச்சு. இனிமே அது முடியல. இன்னைக்குக் கோர்ட்டுல வந்து சொல்லுதேன்."

அத்தான் அவரைப் பார்த்து, "அவ கை எங் கையிலதான் இருந்துச்சு பாண்டி. இழுத்துட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். வெடித்த அன்றிலிருந்து இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

கோர்ட்டில் நேற்று யாரையும் விசாரிக்கவில்லை. டிசம்பருக்கு வாய்தா போட்டுவிட்டார்கள். உக்கிரபாண்டி சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்களா என்றே நிச்சயமில்லை என்று வக்கீல் சொன்னார். எடுத்துக்கொண்டாலும் மானேஜர் வரைக்கும் போகுமா, தெரியாது. "டிசம்பருலயும் வருவேன்" என்று மட்டும் உக்கிரபாண்டி சொன்னார்.

திரும்பும்போதும் இருவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்து நின்றபோது அத்தான் சட்டைப் பையில் கையை விட்டார். விரல் விரியாமல் காசு வரவில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் உக்கிரபாண்டி அத்தான் பைக்குள் கையை விட்டுக் காசை எடுத்து, "புதுப்பட்டி ரெண்டு" என்று நீட்டினார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை உன் அத்தான் பெயருக்கே போடு.

அக்கா
பெர்சிஸ்